நீங்களே பார்த்து ஒரு விலை சொல்லுங்கள்
பழைய வாத்தியங்களைத் தேடி வாங்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய வீணை, தம்புரா, வயலின் தேடி ஊர் ஊராகப் போகிற அன்பர்களுக்கு,

உங்களில் கடை வைத்திருப்பவர்கள் உண்டு. ஆசைக்காக வீட்டில் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. மேடையில் வாசிக்கிற வித்வான்களும் உண்டு. எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பரணிலிருந்து இறக்கி, துணி விலக்கி, கூடத்தில் வைத்த வீணைக்கு முன்னால் உட்கார்ந்ததும் உங்களுக்குள் இந்த வித்தியாசமெல்லாம் மறைந்துவிடுகிறது.

நீங்கள் லாபம் பார்ப்பது பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. வெயிலில் அலைந்து, பத்து வீடு ஏறி இறங்கி, கிடைத்த ஒன்றை ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்து, வாங்க ஆள் வரும்வரை பணத்தை முடக்கி வைத்திருக்கிறவருக்கு லாபம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? என் புகார் ஒரே ஒரு கணத்தைப் பற்றியது. பேரத்தின் நடுவில் அந்த வீட்டுக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து, "எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது, நீங்களே பாத்து ஒரு விலை சொல்லுங்க" என்கிறாரே, அந்தக் கணம்.

யார் இதைச் சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கணவர் போன பிறகு தனியாக இருக்கும் அம்மாள். பாகப்பிரிவினை முடிந்து, ஒரு வாரம் லீவு போட்டு வந்து, வீட்டைக் காலிசெய்து சாவி கொடுக்க வேண்டிய மகன். பாட்டி வாசித்தார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத பேத்தி. இவர்களுக்குப் பணம் எவ்வளவு முக்கியமோ, அந்த மூலை காலியாவதும் அவ்வளவு முக்கியம். இந்த அவசரத்தை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நீங்கள் கணக்குப் போட்டுவிடுகிறீர்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் அக்கிரகாரத்து வீட்டுக்கு வேறொரு காரியமாகப் போயிருந்தேன். உங்களில் ஒருவர் அங்கே வந்திருந்தார். வீணை அந்த வீட்டு மாமியின் மாமியாருடையது. தந்தி முழுக்கத் துரு. மெட்டுகளில் பாதிக்கு மேல் விழுந்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. மெழுகு வெடித்துப் பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது. சுரைக்குடுக்கையில் ஓட்டை. வந்தவர் வீணையைத் தரையில் சாய்த்து, கைப்பேசி விளக்கைப் போட்டு, குடமும் தண்டியும் சேருகிற இடத்தை அடிப்பக்கமாகப் பார்த்தார். சாதாரண ஒட்டு வீணையில் அங்கே ஒரு இணைப்பு இருக்கும். பட்டை வைத்து மறைத்திருந்தாலும் விரலுக்குத் தெரியும். இதில் இணைப்பே இல்லை. மரத்தின் ரேகை குடத்திலிருந்து தண்டிக்கு ஒரே ஓட்டமாக ஓடியது. ஏகாந்த வீணை. குடத்தையும் தண்டியையும் ஒரே பலாமரத் துண்டிலிருந்து குடைந்து எடுத்தது. அப்படிச் செய்யத் தேவையான பருமனுள்ள, முற்றிய மரம் இன்று கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தஞ்சாவூரில் எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார். வந்தவர் குடத்தை ஒருமுறை விரலால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், விளக்கை அணைத்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"மாமி, இதுல ஒண்ணும் இல்ல மாமி. மெழுகு பூரா போயிடுச்சு, மெட்டு இல்ல, குடுக்கை ஓட்டை. இனிமே வாசிக்க முடியாது. யாராவது ஷோவுக்கு வாங்கி வச்சா உண்டு. இல்லேன்னா விறகுதான்."

அதற்குப் பிறகுதான் மாமி அந்த வாக்கியத்தைச் சொன்னார். "எனக்கென்ன தெரியும், நீங்களே பாத்து சொல்லுங்கோ." வந்தவர் சொன்ன தொகைக்கு இன்று ஒரு நல்ல வீணை உறைகூட வாங்க முடியாது. நான் குறுக்கே பேசினேன். மாமி அன்று விற்கவில்லை. வெளியே வந்ததும், "உங்களுக்கு ஏன் சார் இந்த வேண்டாத வேலை?" என்று அவர் கோபமாகக் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இந்த மடல்.

அவர் மாமியிடம் அடுக்கிய குறைகளைப் பாருங்கள். மெழுகு, மெட்டு, தந்தி, குடுக்கை. இவை எல்லாமே தேய்ந்து மாற்றப்படுபவை. தினம் வாசிக்கிற வீணைக்கும் சில வருஷத்துக்கு ஒருமுறை பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, புதுசாகப் போட்டு, 24 மெட்டையும் சுருதி பார்த்து மறுபடி மேளம் கட்டத்தான் வேண்டும். சுரைக்குடுக்கைக்குப் பதில் காகிதக்கூழிலோ ஃபைபரிலோ செய்ததை மாட்டிக்கொள்வது இன்று சகஜம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மாற்ற முடியாதது மரம் ஒன்றுதான். அது பிளக்காமல், பூச்சி அரிக்காமல், காய்ந்து இறுகி அங்கே கிடந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மதிப்பில்லாததை எல்லாம் உரக்கச் சொல்லி, மதிப்புள்ளதை விழுங்கிவிட்டால் அதற்குப் பேரம் என்று பெயர் வைக்க முடியாது. பேரத்தில் எதிராளிக்கும் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு தந்திரமும் உங்களிடம் உண்டு, தந்தம். பழைய வீணைகளில் ஓரங்களில் பதித்த வெள்ளை வேலைப்பாட்டைக் காட்டி, "இது யானைத் தந்தம், வீட்டுல வச்சிருந்தா கேஸ் ஆயிடும்" என்று மெல்லிய குரலில் சொல்வது. அது மான்கொம்பாக இருக்கலாம், எலும்பாக இருக்கலாம், அறுபதுகளுக்குப் பிந்தையது என்றால் பிளாஸ்டிக்காகவே இருக்கலாம். மெய்யாகவே தந்தம் என்று வைத்துக்கொள்வோம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடைசெய்தது. 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் அந்தத் தடைக்குள் கொண்டுவந்தது. வாங்கி விற்கிற உங்களுக்குத்தான் அந்தச் சட்டம் முதலில் பொருந்தும். அந்தம்மாவைச் சட்டம் சொல்லிப் பயமுறுத்திவிட்டு அதே வீணையைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறீர்களே, அப்போது அந்தப் பயம் எங்கே போனது?

சட்டம் என்றதும் நீங்கள் வேறொரு சட்டத்தை எடுத்து நீட்டுவீர்கள் என்று தெரியும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். பேசாமல் இருப்பது மட்டும் மோசடி ஆகாது என்று அதன் 17-வது பிரிவின் விளக்கம் சொல்கிறது. விலை குறைவு என்பதாலேயே ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று 25-வது பிரிவில் இருக்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் 17-வது பிரிவை முழுக்கப் படியுங்கள். பேச வேண்டிய கடமை இருக்கிற இடத்தில் அந்த விலக்கு கிடையாது என்றும் அதே விளக்கம் சொல்கிறது. கீழே நான்கு எடுத்துக்காட்டுகள் கொடுத்திருக்கிறார்கள். நான்காவது உங்களுக்குப் பிடித்தது: விலை மாறிவிட்ட தகவல் ஒருவருக்கு மட்டும் தெரியும், அதை அவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அந்த எடுத்துக்காட்டு தொடங்கும்போதே, இருவரும் வியாபாரிகள் என்று சொல்லித்தான் தொடங்குகிறது. இரண்டாவது எடுத்துக்காட்டில், அப்போதுதான் மேஜரான தன் மகளுக்கு ஒருவர் நோயுள்ள குதிரையை விற்கிறார். அங்கே உறவே அவரைப் பேச வைக்கிறது, குறையைச் சொல்லியாக வேண்டும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சட்டம் எழுதியவர்களுக்கே யாரிடம் மௌனம் செல்லும், யாரிடம் செல்லாது என்ற வித்தியாசம் தெரிந்திருக்கிறது. அந்த மாமி வியாபாரியும் இல்லை, உங்கள் மகளும் இல்லை. ஆனால் "நீங்களே சொல்லுங்கோ" என்று உங்களை நம்பிய அந்த நிமிஷத்தில் வியாபாரியை விட மகளுக்குத்தான் பக்கத்தில் வந்துவிட்டார்.

இதுவும் நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான். "இனிமே வாசிக்க முடியாது" என்று நீங்கள் சொன்னது மௌனம் இல்லை. உண்மை இல்லை என்று தெரிந்தே ஒன்றை உண்மைபோலச் சொல்வதுதான் 17-வது பிரிவின் முதல் உட்பிரிவு. மாமி கோர்ட்டுக்குப் போகமாட்டார் என்ற ஒரே தைரியத்தில்தான் நீங்கள் சட்டத்தை மேற்கோள் காட்டுகிறீர்கள்.

எல்லா இடத்திலும் உண்மையைக் கொட்டிவிட்டு வரச் சொல்லவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் விற்பதையே தொழிலாகக் கொண்ட கடையில், விலை எழுதி வைத்த தம்புராவை அந்த விலைக்கே வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தீர்கள் என்றால் உங்கள் கண்ணுக்கு நான் கைதட்டுவேன். தெரிந்துகொள்ள வேண்டியது கடைக்காரர் வேலை. அவருக்குத் தெரியாமல் போனது அவர் நஷ்டம். இருவரும் ஒரே ஆட்டத்தை ஒரே விதிப்படி ஆடுகிறீர்கள். வீட்டுக் கூடத்தில் விலையைக் கேட்கிறவரும் அதற்குப் பதில் சொல்கிறவரும் அப்படி இல்லை. அங்கே மதிப்பு போடுகிறவரும் நீங்கள், வாங்குகிறவரும் நீங்கள்.

"எங்கள் அறிவுக்கு விலை இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அந்த அறிவு எப்போது உங்கள் வாயிலிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? வயலின் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் தாத்தாவின் வயலினுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். அந்தோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் என்று லத்தீனில் அச்சிட்ட சீட்டு, பக்கத்தில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் என்று ஒரு வருஷம். வீடே கோடிக்கணக்கில் கனவு காண ஆரம்பித்துவிடும். அப்போது நீங்கள் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து பாடம் நடத்துகிறீர்கள்! ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் பட்டறை பட்டறையாகச் செய்து உலகம் முழுக்க அனுப்பிய மலிவான வயலின்களில் அதே சீட்டை ஒட்டினார்கள். அது எந்த மாடலைப் பார்த்துச் செய்தது என்பதைத்தான் காட்டும், செய்தவர் பெயரை இல்லை. சிலவற்றில் கீழேயே 'ஜெர்மனியில் செய்தது' என்று போட்டிருக்கும், இதோ பாருங்கள் என்று விளக்கைப் பிடித்துக் காட்டுகிறீர்கள். எல்லாம் உண்மை. நன்றாகவே சொல்கிறீர்கள். விலையைக் குறைக்கிற உண்மை இப்படித் தாராளமாக வருகிறது. விலையைக் கூட்டுகிற உண்மைக்கு மட்டும்தான் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

"நாங்கள் வாங்காவிட்டால் கரையான் தின்னும்" என்பது அடுத்த வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. தம்புராக் குடத்தில் மண் போட்டு மணிபிளான்ட் வைத்த வீட்டை நானே பார்த்திருக்கிறேன். உங்களால் பிழைத்த வாத்தியங்கள் பல, அதற்காக உங்களை மெச்சத்தான் வேண்டும். ஆனால் ஐயாயிரத்துக்கு வாங்கினால்தான் வீணை பிழைக்கும், ஐம்பதாயிரம் கொடுத்தால் கரையான் அரித்துவிடும் என்றா சொல்கிறீர்கள்? பத்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு அதற்கு மீட்பு என்று பெயர் சூட்டாதீர்கள். பாதி விலைக்கு வாங்குங்கள். உங்கள் அலைச்சலுக்கும் ஆபத்துக்கும் அந்த மீதிப் பாதி சரியாகப் போகும், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

உங்கள் தொழிலின் மூத்த ஆள் ஒருவரை ஞாபகப்படுத்துகிறேன். லூயிஜி டாரிசியோ, இத்தாலிக்காரர், தச்சுத் தொழில் தெரிந்தவர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலிய கிராமங்களிலும் மடங்களிலும் கால்நடையாகச் சுற்றி, கிரிமோனா ஊர்ப் பழைய வயலின்களைத் தேடினார். உடைந்து, தந்தி அறுந்து மூலையில் கிடக்கும் பழசை எடுத்துக்கொண்டு பளபளவென்று புதுசு ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவது அவர் பழக்கம் என்பார்கள். கொடுத்தவர்களுக்கு ரொம்பச் சந்தோஷம். 1827-ல் பாரிஸ் வியாபாரிகளிடம் அவர் கொண்டுபோய் இறக்கியபோதுதான் அவற்றின் பெறுமானம் உலகத்துக்குத் தெரிந்தது. உங்களில் பலருக்கு அவர் ஆதர்சம். அவர் கண் இல்லாவிட்டால் அந்த வயலின்களில் பல அழிந்திருக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1854-ல் டாரிசியோ இறந்தார். சேதி கேட்டதும் பாரிஸ் வியாபாரி வியோம் உடனே கிளம்பி இத்தாலிக்கு ஓடினார். டாரிசியோவின் உறவினர்களுக்கு அவர் சேர்த்து வைத்திருந்ததன் அருமை தெரியாது. நூற்றுக்கும் மேற்பட்ட வாத்தியங்களை மொத்தமாகப் பேசி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் வியோம். 1716-ல் ஸ்ட்ராடிவாரி செய்த, இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிற 'மெஸையா' வயலினும் அதில் ஒன்று.

உங்கள் வீட்டில் நீங்கள் சேர்த்து வைத்திருப்பதன் விலை உங்கள் மனைவிக்குத் தெரியுமா? பிள்ளைகளுக்கு? எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால், நீங்கள் போன பதினைந்தாம் நாள் கைப்பேசி விளக்கோடு ஒருவர் உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் தவிர இன்னொரு நஷ்டமும் இதில் இருக்கிறது. அது அந்தக் குடும்பத்தோடு போவதில்லை. பழைய வீணைகளில் செய்த ஆசாரியின் பெயர் பெரும்பாலும் இருக்காது. எந்த ஊரில் செய்தது, யார் வாசித்தது, அவர் யாரிடம் கற்றுக்கொண்டவர், கல்யாணத்துக்கு வந்த சீரா, கச்சேரிக்குக் கிடைத்த பரிசா, எல்லாமே அந்த வீட்டாரின் வாய்ச் சொல்லில்தான் இருக்கிறது. அடிமாட்டு விலைக்கு வாங்கியவர் எங்கே வாங்கினேன் என்று எப்படிச் சொல்வார்? ஊரை மாற்றிச் சொல்கிறார், இல்லை "ஒரு பழைய ஜமீன் வீட்டுது" என்று கதை கட்டுகிறார். நாலு கை மாறுவதற்குள் ஒரு வாத்தியத்தின் சரித்திரம் சுத்தமாகத் துடைக்கப்பட்டுவிடுகிறது. அடியில் ஒட்டியிருந்த பெயர்த்தகட்டைக் கழற்றிப் போட்டவர்களும் உங்களில் உண்டு. நியாயமான விலை கொடுத்தவருக்கு இந்த ஒளிவுமறைவு தேவைப்படாது. நிதானமாக உட்கார்ந்து, காபி குடித்து, கேட்டு எழுதிக்கொண்டு வரலாம். அந்தத் தாளோடு சேர்த்து விற்றால் உங்களுக்கும் கூடுதல் விலை கிடைக்கும் என்பதையாவது யோசியுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகலாம். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவே முடியாது. வாங்கும்போது "பழசு மாமி, ஒண்ணும் போகாது" என்றும், விற்கும்போது "நூற்றைம்பது வருஷத்துத் தஞ்சாவூர் வேலை" என்றும், கஸ்டம்ஸில் "புதுசு சார்" என்றும் ஒரே வீணைக்கு மூன்று வயது சொல்வதை நிறுத்துங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் இல்லை. விலை சொல்லச் சொன்னால் இரண்டில் ஒன்று செய்யுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள்: இது ஏகாந்த வீணை, சரிசெய்தால் இவ்வளவு போகும், சரிசெய்ய இவ்வளவு ஆகும், எனக்கு இவ்வளவு நிற்க வேண்டும், ஆகையால் நான் தரக்கூடியது இது. இப்படி வெளிப்படையாகப் பேசினால் பத்தில் எட்டு வீட்டில் உங்களுக்கே கொடுப்பார்கள் என்பது என் நம்பிக்கை. உங்களைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லி அனுப்புவார்கள். அதற்கு மனம் வரவில்லையா, "நான் வாங்க வந்தவன், என்னிடம் விலை கேட்காதீர்கள். தஞ்சாவூரில் ஓர் ஆசாரியிடமோ, ஊரில் ஒரு வீணை வாத்தியாரிடமோ காட்டிக் கேட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். ஒரு வாரத்தில் வீணை எங்கும் ஓடிவிடாது. வேறு ஆள் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று பயந்தால், முன்பணம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலையை மட்டும் அவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பேசுங்கள்.

தெரியாமலே வாங்கி, வீட்டுக்கு வந்து அழுக்கைத் துடைத்த பிறகுதான் அருமை தெரிந்தது என்றால் உங்கள் மேல் தவறே இல்லை. அப்போதும் விற்ற பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் படியேறுங்கள். எவ்வளவு என்று நான் நிர்ணயிக்கவில்லை. உங்கள் கை கூசாத அளவு.

கும்பகோணத்து நண்பருக்கு மட்டும் தனியாக ஒன்று: மாமியின் வீணை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, விற்கிற எண்ணமும் மாறவில்லை. சரியான விலையோடு போங்கள், நான் குறுக்கே பேசமாட்டேன்.